அம்மனுக்கு எது வலது கை?

போன புரட்டாசியில் என் மகள் காவேரி செத்துப்போயிருக்க வேண்டியவள். இதைச் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் கோயிலில் வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வருகிற நீங்கள்தான், "ஆத்தா பண்ணுன அற்புதத்த நீயே வாயத் தொறந்து சொல்லு" என்று நாலு மாதமாக என்னைப் பிடுங்குகிறீர்கள். சொல்கிறேன். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற மாதிரி வராது. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை வயிற்று வலி வந்தது. வாயு என்று நினைத்துச் சீரகத் தண்ணீர் கொடுத்தேன். திங்கட்கிழமை சுருண்டு படுத்துவிட்டாள். பாலக்கோட்டில் டாக்டரிடம் காட்டினோம். அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார். குடல்வால் வீங்கியிருக்கிறது, இன்றைக்கே தர்மபுரி போய் ஆபரேஷன் செய்துவிடுங்கள் என்றார். துணிமணி எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்று மாரண்டஹள்ளிப் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்தோம். அங்கே வாசலில் என் வீட்டுக்காரரின் அண்ணன், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், உட்கார்ந்திருந்தார்.

"கண்ணாலம் ஆவாத புள்ள வயித்துல கத்தி வெக்கறதுன்னா சும்மாவா? ஆத்தாவ ஒரு வார்த்த கேக்காம எப்பிடிடா கூட்டிகிட்டுப் போவ?" என்றார்.

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்தார். கல்யாணமாகி இருபத்தொரு வருஷம் ஆகிறது. அண்ணன் எதிரில் அந்தத் தலை நிமிர்ந்து நான் பார்த்ததில்லை. சாயங்காலம் காவேரிக்கு வலி திடீரென்று குறைந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். நாளைக்குக் காலையில் பூ கேட்டுவிட்டே போகலாம் என்று முடிவானது. நானும்தான் தலையாட்டினேன். அதை மறைத்துவிட்டுச் சாட்சி சொன்னால் என் வாய் வெந்துவிடும். உள்ளே வெடித்ததால்தான் வலி குறைந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

பூ கேட்பது உங்களுக்குத் தெரியும். அம்மனின் இரண்டு தோளிலும் ஈரப் பூவை ஒட்டவைத்து, கேள்வியைச் சொல்லிக் காத்திருப்போம். வலது பக்கப் பூ விழுந்தால் சரி. இடது பக்கப் பூ விழுந்தால் வேண்டாம். எங்கள் குடும்பத்தில் கல்யாணம், கிணறு, வீடு எல்லாமே இந்தக் கணக்குத்தான்.

செவ்வாய்க்கிழமை காலை காவேரிக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்தது. தக்காளிக் கூடை ஏற்றுகிற எங்கள் குட்டியானை வண்டியில் பாய் விரித்து, அவளைப் படுக்கவைத்து, கோயில் வாசலில் நிறுத்தினோம். உள்ளே போய்க் கேட்டோம். அரை மணி நேரம் அம்மன் அசையவில்லை. வெளியே என் பெண் முனகுகிறாள். கடைசியில் ஒரு பூ விழுந்தது.

"எடது பக்கம்! வேண்டாங்கறா ஆத்தா!" என்று மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பூசாரி புதியவர். பழைய பூசாரி இறந்தபின், கர்நாடகப் பக்கம் இருந்து வந்த மருமகன். அவர் மெதுவாக, "இல்லீங்க, அது அம்மாவுக்கு பலகை" என்றார்.

"பலகையா? எந்தப் பலகை?" என்று மாமா எரிந்து விழுந்தார்.

பூசாரி தன் வலது கையைத் தூக்கிக் காட்டினார். அவர் பாஷையில் வலது கைக்கு அதுதான் பேராம். "அம்மா நம்மளப் பாத்து ஒக்காந்திருக்காங்க. நம்ம எடது அவங்களுக்கு வலதுங்க. சரின்னுதான் சொல்லியிருக்காங்க."

"நேத்து வந்தவன் நீ சொல்றயா? முப்பது வருசமா நாங்க நம்ம கைய வெச்சுத்தான் பாக்கறோம்!"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியும் கொடுத்துவிட்டார், பங்காளிதான் விடவில்லை. கூடியிருந்தவர்களில் பாதிப் பேர் அம்மனின் வலது என்றார்கள், பாதிப் பேர் நம்முடைய வலது என்றார்கள். யாருக்கும் வெளியே இருக்கிற பெண் ஞாபகமில்லை. "சரி, கொழப்பம் வேண்டாம். வெள்ளிக்கிழம மறுக்கா கேக்கலாம்" என்று மாமா தீர்ப்பு சொன்னார்.

எனக்கு அந்த நேரத்தில் என் நாத்தனார் ஞாபகம் வந்தாள். அவளுக்கு வந்த ஒரு நல்ல இடத்தை, பூ இடது பக்கம் விழுந்தது என்று தட்டிக்கழித்தார்கள். வலது பக்கம் விழுந்த இடத்தில் கொடுத்தார்கள். மூன்று வருஷத்தில் அடிபட்டுத் திரும்பி வந்தாள். அப்படியானால் முப்பது வருஷமாக அம்மன் சரி என்றதையெல்லாம் நாங்கள் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டோமா? இல்லை, அங்கே சொல்லுகிறதற்கு யாருமே இல்லையா? காற்றடித்தால் பூ விழாதா?

கருவறை வாசலில் நின்று கத்தினேன்.

"நீ இருக்கயா இல்லயான்னே எனக்குத் தெரியல. இருந்தா இந்தப் பூ வெளையாட்ட நிறுத்து. எம் பொண்ண இங்கிருந்து கெளப்பி உடு. அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா இனி உம் மூஞ்சில முழிக்க மாட்டேன்!"

இதுதான் நான் செய்த பிரார்த்தனை. கற்பூரம் இல்லை, தேங்காய் இல்லை. வெறும் திட்டு.

மாமா என் குறுக்கே வந்தார். "பொம்பள சாமிய இப்பிடிப் பேசற வூடு வெளங்குமா?" என்று கையை ஓங்கினார். அப்போது என் வீட்டுக்காரர் நடுவில் வந்து நின்றார். வாயைத் திறந்தார். "ண்ணா, வழிய உடுங்க. அவ எம் பொண்ணு."

அவ்வளவுதான். வண்டி தர்மபுரியில்தான் நின்றது. குடல்வால் வெடித்துச் சீழ் பரவியிருந்தது. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார் டாக்டர். பதினோரு நாள் படுத்திருந்தாள். இன்று கல்லூரிக்குப் பஸ் ஏறிப் போகிறாள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் மாமா பழம் வாங்கிக்கொண்டு வந்து, "ஆத்தா அன்னிக்கே சரின்னு பூ குடுத்துட்டாளே" என்றார். கூசாமல் சொன்னார். நீங்களும் அதைத்தான் என் வாயால் கேட்க ஆசைப்படுகிறீர்கள். சொல்ல மாட்டேன். பூ என் மகளைக் காப்பாற்றவில்லை. அவளை வண்டியில் கிடக்கவைத்தது பூ. அறுத்துத் தைத்துக் காப்பாற்றியது டாக்டர்.

ஆனால் ஒன்றுக்கு மட்டும் எனக்கு விடை கிடைக்கவில்லை. இருபத்தொரு வருஷம் திறக்காத வாய், நான் கேட்ட அதே நிமிஷம் எப்படித் திறந்தது? அவரிடமே கேட்டேன். "எனக்கே தெரியல புள்ள" என்றார். "கிளப்பி விடு" என்றேன், கிளப்பி விட்டாள். அப்படித்தான் நான் நம்புகிறேன். சில நாள் நம்ப முடியவில்லை. அந்த நாட்களிலும் விளக்கேற்றுகிறேன், ஏற்றிக்கொண்டே சண்டை போடுகிறேன். பூ மட்டும் கேட்பதில்லை. நாத்தனாரிடம் போய் எல்லார் சார்பிலும் மன்னிப்புக் கேட்டேன். அவள் அழவில்லை. முறைத்தாள். அது நியாயம்தான்.

அதனால் உங்களுக்கும் சொல்கிறேன். அம்மனிடம் வாருங்கள். சந்தேகம் இருந்தால் சந்தேகத்தோடு வாருங்கள், கோபம் இருந்தால் கத்துங்கள், தாங்கிக்கொள்வாள். ஆனால் உயிருக்குப் போராடுகிற பிள்ளையை வாசலில் போட்டுவிட்டு வராதீர்கள். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அவள் எங்கேயும் போய்விட மாட்டாள். தாயாக இருந்தாலும் அங்கேதான் இருப்பாள், வெறும் கல்லாக இருந்தாலும் அங்கேதான் இருப்பாள்.