பிறந்தநாள் போளி

சூடான போளியில் நெய் விழும் வாசனை வந்தால் இன்றும் தலைகுனிந்துவிடுகிறேன்.

எனக்கு வேலை போயிருந்த மாதம். மகளின் பிறந்தநாளுக்குப் புனேயில் அளவில்லாமல் பரிமாறும் தாலி சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். ஒருவர் தட்டில் இன்னொருவர் சாப்பிடக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது. நாங்கள் மூன்று பேர். இரண்டு சாப்பாடுதான் சொன்னோம்.

"கேட்டா வயித்துவலின்னு சொல்லிடு. பரிமாறறவரு அந்தாண்ட போனதும் அம்மா ஊட்டிவிடறேன்," என்றேன்.

"மெதுவாப் பேசேன்டி," என்றார் கணவர்.

"இங்க தமிழ் யாருக்குப் புரியப் போவுது?"

பரிமாறுகிறவர் நகரவே இல்லை. கிண்ணம் குறையும் முன்பே கரண்டியோடு வந்து நின்றார். ஒரு வாய்கூட ஊட்ட முடியவில்லை. கடைசியில் அவரே சின்னத் தட்டில் ஒரு போளியை மகள் முன் வைத்து, காசு வேண்டாம் என்று மராத்தியில் சொன்னார்.

அவள் போளியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "போட் துக்தய்," என்றாள், வயிறு வலிக்கிறதென்று. நான் கொடுத்த பொய்யை அத்தனை பத்திரமாக வைத்திருந்தாள். கல்லாவிலிருந்து முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். 'சாப்பிடு' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தட்டு திரும்பிப் போனது.

அன்றிலிருந்து அவள் எதை வேண்டாம் என்றாலும் என்னால் நம்ப முடிவதில்லை.

அன்று வாசலில் பரிமாறியவர் எங்கள் பின்னாலேயே வந்து, நெய் கசிந்த ஒரு பொட்டலத்தை அவள் கையில் வைத்தார். குனிந்து, எங்கள் வேலூர்த் தமிழிலேயே சொன்னார்:

"துன்னு கண்ணு. அம்மா ஒண்ணும் சொல்லமாட்டாங்க."