ஒரே கிண்ணத்தில் எல்லாரும்

ஞாயிறுதோறும் கர்த்தரின் பந்தியில் சபையார் எல்லாரும் திராட்சரசம் குடிக்கும் கிண்ணத்தின் விளிம்பைத் துடைக்க ஒரு வெள்ளைத் துணி இருந்தது. ஒருவர் குடித்ததும் ஒரு துடை, கிண்ணத்தைச் சற்றே திருப்பி அடுத்தவர் கையில் கொடுப்பது. இரண்டு கைப்பிடியும் வெள்ளிப் பூச்சும் உள்ள அந்தக் கிண்ணத்தை, திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை பார்த்த ஓர் ஆங்கிலேயக் கடற்படைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது எங்கள் சபைக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். சபை என்றால் கோபுரமும் குருவானவரும் இருந்ததாக நினைக்க வேண்டாம். ஓடு போட்ட ஒரு மண்டபம், இருக்கச் சில மர வாங்குகள், அவ்வளவுதான். அதை நடத்திய மூப்பர் என் அப்பா.

அப்பா கடற்படைத் தளத்துச் சாமான் கிடங்கில் வேலை பார்த்தவர். ஓர் ஆணி குறைந்தாலும் கையெழுத்துப் போடமாட்டார். வேதத்தையும் அப்படித்தான் வாசித்தார். அப்போஸ்தலர்கள் ஆர்மோனியம் வாசித்ததாக எங்கும் இல்லை என்பதால் எங்கள் மண்டபத்தில் ஆர்மோனியம் கிடையாது. கிறிஸ்து பிறந்த நாளென்று நத்தார் கொண்டாடச் சொல்லி எழுதியிருக்கவில்லை என்பதால், அயல் முழுக்கப் பலகாரம் சுடும் நாளில் எங்கள் வீட்டில் புட்டும் சம்பலும். "எழுதியிருக்கிறதைச் செய்யிறதுதான் கீழ்ப்படிவு. மிச்சமெல்லாம் மனுசர் கட்டின கதை" என்பார். சின்ன வயதில் எனக்கு அதில் பெருமைகூட இருந்தது. அம்மா இறந்த பிறகு வீட்டையும் எங்களையும் அவர் அதே கணக்கில்தான் நடத்தினார்.

நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில் அக்காவுக்குக் காசநோய் வந்தது. வெளியூர் ஆஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்து, இனித் தொற்றாது என்று டொக்டர் சொன்ன பிறகே திரும்பி வந்தாள். பேசி வைத்திருந்த கலியாணம் அதற்குள் நின்றுபோயிருந்தது. "ஞாயிற்றுக்கிழமை பந்தியிலை இருந்தாப் போதும் தங்கச்சி. அங்கை கிடக்கேக்கை அந்த அப்பத்தையும் ரசத்தையும்தான் நினைச்சனான்" என்று மட்டும் சொன்னாள்.

அவள் வந்த முதல் ஞாயிறு பெண்கள் வாங்கில் அவள் பக்கத்தில் நான் இருந்தேன். அவள் குடித்தாள், நான் குடித்தேன். எனக்கு அடுத்திருந்தவர் கிண்ணத்தை உதடுவரை கொண்டுபோவதுபோல் பாவனை பண்ணி, அப்படியே அடுத்தவரிடம் தள்ளிவிட்டார். அதற்கப்பால் ஒருவரும் குடிக்கவில்லை. ஜெபத்துக்குக் கண்ணை மூடியிருந்த அக்காவுக்கு அது தெரியாது.

அந்தக் கிழமையே சபையார் சிலர் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

"ஐயா, மற்றச் சபையளிலை மாதிரி ஆளுக்கொரு சின்னக் கிளாஸ் வைப்பமே? எல்லாருக்கும் மனம் ஆறும்" என்று ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏலாது. கர்த்தர் ஒரு கிண்ணத்தைத்தான் எடுத்துக் குடுத்தவர். அதை மாத்த நாங்கள் ஆர்?" என்றார் அப்பா.

அப்படியென்றால் அக்கா கடைசியாகக் குடிக்கட்டும், மிச்சத்தை நீங்கள் குடியுங்கள் அப்பா என்றேன் நான். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அக்காவிடம் திரும்பினார். "பிள்ளை, நீ குடியாமல் மனசிலை வாங்கிக்கொள். கர்த்தர் இருதயத்தைப் பார்க்கிறவர். கிண்ணம் ஒரு அடையாளம்தானே."

அடையாளம்தானே! நத்தார் கொண்டாடுகிறவர்கள் இப்படிச் சொல்லித்தான் தப்பித்துக்கொள்கிறார்கள் என்று தொண்டை கட்டப் பிரசங்கம் பண்ணிய மனிதர் அவர்.

அக்கா அமைதியாகத்தான் கேட்டாள். "அப்பா, ஒரு கிண்ணம் எண்டு எழுதியிருக்கிற அதே இடத்திலைதானே எல்லாரும் குடியுங்கோ எண்டும் எழுதியிருக்கு?"

"கதை வளர்க்காதை" என்றுவிட்டு அப்பா எழும்பிப் போனார்.

அதன்பின் அவள் பின்வாங்கில் தனியாக இருந்தாள். அப்பமும் கிண்ணமும் அவளை எட்டாமல் முன்வாங்கோடே திரும்பிப் போயின. நானாக இருந்தால் அந்த வாசலை மிதித்திருக்க மாட்டேன். அவளோ ஒரு ஞாயிறு தவறாமல் வருடக்கணக்காகப் போனாள்.

ஒருமுறை கொழும்பிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பிரசங்கியார் வந்தார். கடும் தடிமன். இருமலும், மூக்கைத் துடைக்கும் லேஞ்சியுமாகப் பிரசங்கத்தை முடித்தார். அவர்தான் முதலில் குடித்தார். அப்பா அந்தக் கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கினார். துணியைத் தேடக்கூட இல்லை, அப்படியே குடித்தார்.

அக்கா எழுந்து முன்னால் நடந்தாள். "எல்லாரும் எண்டுதான் எழுதியிருக்கு அப்பா. எனக்கும் தாங்கோ" என்று கையை நீட்டினாள். அப்பா கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். தமிழ் விளங்காத பிரசங்கியார் அவளைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்.

அடுத்த ஞாயிறு அக்காவைச் சபையிலிருந்து விலக்கினார்கள். நோய்க்காக அல்ல; சபை நடுவே பெண் வாய் திறந்ததற்காக. அது எழுதியிருக்கிறதாம். விலக்கப்பட்டவரோடு கூடியிருந்து சாப்பிடக்கூடாது என்பதும் எழுதியிருக்கிறதாம். எனவே அன்று மத்தியானமே அவளுடைய தட்டு அடுப்படிக்கு, குசினிக்குப் போனது. அப்பா தனியாக மேசையில் இருந்து சாப்பிட்டார். சமைத்தது யார்? அக்காதான். விலக்கப்பட்டவள் சமைத்ததைச் சாப்பிடக்கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. "மீனுக்கு உப்புக் காணாது" என்று குசினிப் பக்கம் பார்த்துக் குரல் கொடுப்பார். அவள் உப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு உள்ளே போவாள். நானும் என் தட்டைத் தூக்கிக்கொண்டு அவளிடம் போய்விட்டேன். என்னை அவர் தடுக்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை.

சாகும்வரை அப்படியே இருந்தார். அடக்க ஆராதனையில், வசனத்துக்கு இம்மியும் பிசகாமல் கீழ்ப்படிந்த மனிதர் என்று ஆளுக்காள் எழும்பிச் சாட்சி சொன்னார்கள். அக்கா வெளியே, முற்றத்தில் நின்று விம்மி விம்மி அழுதாள். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

இப்போது அவள் அன்புவழிபுரத்தில் என் குடும்பத்தோடு இருக்கிறாள். எங்கள் வீட்டில் விலக்கும் இல்லை, மூப்பரும் இல்லை. மேசைக்குக் கூப்பிட்டால், "நீங்கள் சாப்பிடுங்கோ, நான் பிறகு" என்பாள். பிறகு குசினிப் பலகையில் இருந்து, தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுவாள். இது என் மகளுக்குப் பொறுக்கவில்லை. போன கிழமை, "பெரியம்மா, இண்டைக்கு இதிலைதான் இருக்கவேணும்" என்று கையைப் பிடித்து இழுத்துவந்து கதிரையில் இருத்தினாள். அக்கா இருந்தாள். நாங்கள் பரிமாறினோம். மகள் சொன்ன பகிடிக்குச் சிரிக்கவும் செய்தாள். நாங்கள் எல்லாரும் சாப்பிட்டு எழும்பிப் போன பிறகுதான் சோற்றில் கை வைத்தாள்.