தர்சினி ஏறாத ரயில்

என் மனைவி தன்மேல் வைத்திருந்த நம்பிக்கையை அழித்தவன் நான். தெரியாமல் செய்யவில்லை. எங்கே அடித்தால் அவள் மறுபடி எழமாட்டாள் என்று தெரிந்து, அங்கேயே அடித்தேன். கை ஓங்கவில்லை... சில வார்த்தைகள் போதுமாக இருந்தன.

மன்னிப்புக் கேட்டு இதை உங்களுக்கு எழுதவில்லை. மன்னிக்க வேண்டியவர் நீங்கள் அல்ல. அவளிடம் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. அதனால்தான் உங்களிடம் வந்திருக்கிறேன்.

தர்சினி இந்த நாட்டிலேயே, சோலோதுர்ன் நகரில் பிறந்து வளர்ந்தவள், தாதி. நான் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, எங்கடின் மலைப்பள்ளத்தாக்கு விடுதிகளின் சமையலறைகளில் ஐந்து குளிர்காலம் கோப்பை கழுவியவன். திருமணத்தின்பின் அவள் வேலை செய்த மருத்துவமனையிலேயே எனக்கும் வேலை கிடைத்தது. அவள் நான்காம் மாடியில் நோயாளரைப் பார்த்தாள். நான் கீழே, சத்திரசிகிச்சைக் கூடங்களைத் துப்புரவு செய்தேன். ஒருவரை வெளியே கொண்டுபோய் அடுத்தவரை உள்ளே கொண்டுவருவதற்குள் தரையிலுள்ள இரத்தத்தைத் துடைத்துவிட வேண்டும். அந்த வேலையில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று எல்லோரிடமும் சொல்வேன். நான் அதை ஒருநாளும் நம்பியதில்லை.

மகளுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது தர்சினி முதல்முறை கேட்டாள்.

“இஞ்சேருங்கோ, எனக்கு அனஸ்தேசி படிக்க விருப்பம். ஒப்பரேசனிலை மயக்கமருந்து குடுத்து, ஆளின்ரை மூச்சைப் பாக்கிற தாதி வேலை. ரெண்டு வருசம், வேலை செய்துகொண்டே படிக்கலாம். எப்ப தொடங்கினால் நல்லம்?”

எப்ப என்றுதான் கேட்டாள். படிக்கலாமா என்று கேட்கவில்லை.

“பிள்ளை கிண்டர்கார்ட்டன் போகட்டும். பிறகு பாப்பம்” என்றேன்.

பிள்ளை கிண்டர்கார்ட்டன் போனாள். என் நிரந்தர வதிவிட அனுமதி வரட்டும் என்றேன். அது வந்தது. உம்முடைய அம்மாவின் முழங்கால் ஒப்பரேசன் முடியட்டும் என்றேன். மாமி எழுந்து நடந்தாள். ஒவ்வொரு முறையும் நான் சொன்ன காரணம் நியாயமானது. நீங்கள் கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பீர்கள். பொறுப்பான மனிசன் என்று அவளுடைய சொந்தக்காரர்கள் என்னை மெச்சினார்கள்.

நான்காம் முறை அவள் என்னைக் கேட்கவில்லை. விண்ணப்பித்துவிட்டு வந்து சொன்னாள். ஒரு வியாழக்கிழமை வரச் சொல்லி அழைத்திருந்தார்கள். காலையிலிருந்து மாலைவரை அந்தப் பிரிவில் கூடவே நிற்க வேண்டும். வேலை எப்படி என்று அவள் பார்ப்பாள். அவள் எப்படி என்று அவர்கள் பார்ப்பார்கள். அவள் முகத்தில் அப்படியொரு ஒளியை நான் அதற்குமுன் கண்டதில்லை. எங்கள் திருமணத்தன்றுகூட.

எனக்கு எரிந்தது.

மறுநாள் கூடத்தில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மயக்கமருந்துத் தாதி பிரிகிட்டே ஈரத்தில் கால் படாமல் என் வாளியைத் தாண்டிப்போனவள், நின்று திரும்பினாள். “வியாழக்கிழமை உன் மனைவி எங்களிடம் வருகிறாளாமே! உனக்குப் பெருமையாக இருக்கும், இல்லையா?” என்று ஜெர்மனில் கேட்டாள். நல்ல மனதோடுதான் கேட்டாள். ஆமாம் என்று சிரித்தேன்.

பிறகு அதே இடத்தில் தர்சினியை வைத்துப் பார்த்தேன். அவள் நோயாளியின் தலைமாட்டில் நிற்பாள். வைத்தியர்கள் அவளிடம் கேட்டுக் கேட்டுச் செய்வார்கள். வேலை முடிந்து அவள் வெளியேறும்போது நான் வாளியோடு உள்ளே போவேன். என் வாளியைத் தாண்டிப்போகும் கால் என் மனைவியின் காலாக இருக்கும்... அதை என்னால் சகிக்க முடியவில்லை. இவ்வளவுதான். வேறு பெரிய காரணம் ஏதும் இருக்கிறதா என்று இத்தனை வருடமாகத் தேடிப்பார்த்துவிட்டேன். இல்லை.

இப்போது நீங்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். தாதியாகச் சேர்ந்த முதல் வருடம், தர்சினி ஒரு கட்டிலில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது, திரைக்கு மறுபுறத்துக் கட்டிலில் இருந்த முதியவர் ஒருவரின் மூச்சு நின்றுபோனது. விசாரித்தார்கள். அவள்மீது தவறில்லை, யார் நின்றிருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆனாலும் அவளுக்கு அது ஆறவில்லை. திருமணமான புதிதில், ஆரே ஆற்றங்கரை மரவாங்கில் உட்கார்ந்து, தன் தாய்க்கும் சொல்லாத அந்தக் கதையை என்னிடம் சொல்லி அழுதாள். இந்த வேலையில் அவளுக்கு ஏன் இத்தனை ஆசை என்று உங்களுக்கு இப்போது விளங்கும். இனி ஒரு மூச்சையும் தவறவிடக்கூடாது என்று நினைத்தாள்.

எனக்கும் அது விளங்கியிருந்தது. விளங்கியிருந்ததுதான் என் குற்றம்.

அந்த வியாழக்கிழமை அவள் கண்ணில் படக்கூடாது என்று பிற்பகல் வேலை கேட்டு வாங்கியிருந்தேன். காலையில் சமையலறையில் தேநீர்க் கோப்பையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“கை குளிருது. நான் சரியா வருவன்தானே?” என்றாள்.

ஓம் என்ற ஒரு சொல். அதைத்தான் கேட்டாள்... அதைச் சொல்ல எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்?

“அந்தக் கிழவரை மறந்திட்டியோ?” என்றேன்.

எப்போதும் நீர் என்று அழைக்கும் நான் அன்று நீ என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். அங்கே நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை.

“அங்கை முழுநாளும் மூச்சுத்தான் பாக்கவேணும். பக்கத்துக் கட்டிலிலை நிண்ட மூச்சே உனக்குத் தெரியேல்லை. இன்னும் ஒண்டு போச்செண்டால் தாங்குவியோ? நான் உன்ரை நன்மைக்குத்தான் சொல்லுறன்.”

குரலை உயர்த்தவில்லை. அன்போடு சொல்வதுபோலச் சொன்னேன். முதல்நாள் இரவு படுக்கையில் கிடந்து அந்தச் சொற்களை ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன் என்பதையும் மறைக்கப்போவதில்லை.

அவள் கோப்பையை வைத்துவிட்டு மேலங்கியைப் போட்டுக்கொண்டு ரயிலுக்குப் போனாள். தோற்றுவிட்டேன் என்று நினைத்தேன். முக்கால் மணிநேரத்தில் கதவு திறந்தது. மேலங்கியைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

“ரயில் வந்தது. நான் ஏறேல்லை” என்றாள். பிறகு, “நீங்கள் சொன்னது உண்மை. வேறை ஆர் எனக்கு இதைச் சொல்லுவினம்?” என்றாள்.

எனக்கு நன்றி சொன்னாள். கேட்டீர்களா? நான் அவளை அணைத்துத் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

அடுத்த வாரம் பிரிகிட்டே என்னைத் தாழ்வாரத்தில் நிறுத்தினாள். “ஏன் அவள் வரவில்லை? அவளை எடுப்பதென்று நாங்கள் ஏறக்குறைய முடிவே செய்திருந்தோம். அடுத்த வருடமாவது வரச் சொல்” என்றாள்.

“அவளுக்குப் பயம். விருப்பமில்லையாம்” என்றேன். அந்தச் செய்தி தர்சினியிடம் போகவில்லை.

நான்காம் மாடியிலும் அவள் நீடிக்கவில்லை. நோயாளி தூங்கினால் அவளால் அறையை விட்டு வெளியே வர முடியாமற்போனது. திரும்பத் திரும்பப் போய் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறாள். ஒரு வருடத்தில் விலகினாள். இப்போது ஒரு பல்வைத்தியரிடம் தொலைபேசி எடுத்து, வருபவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிறாள். நான் இன்னமும் அதே கூடங்களைத் துடைக்கிறேன். என் வாளியை யார் யாரோ தாண்டிப்போகிறார்கள்.

இந்த வசந்தத்தில் மகளுக்குப் பள்ளியில் தொழில் தெரிவுப் பாடம் தொடங்கியது. பெற்றோரிடம் கேள்வி கேட்டு எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசைக்குத் தாளோடு வந்தாள்.

“அம்மா, நீங்கள் செய்ய விரும்பி, செய்யாமல் விட்ட வேலை ஏதும் இருக்கோ?”

“இருந்தது. அனஸ்தேசி” என்றாள் தர்சினி. “எனக்கு அது சரிவராது எண்டு அப்பாதான் முதல்லை கண்டவர். எனக்குப் பிந்தித்தான் விளங்கினது.”

மகள் எழுதினாள். “இப்ப படிக்கேலாதோ?”

தர்சினி கரண்டியைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். அவளுக்கு முப்பத்தொன்பது வயது. சென்ற இலையுதிர்காலத்தில் பிரிகிட்டேயிடம் படிக்கச் சேர்ந்த பெண்ணுக்கு நாற்பத்தாறு. ஒவ்வொரு நாளும் அந்தப் பெண்ணைப் பார்க்கிறேன்.

“என்ன சொல்லுறியள்? இனிப் பிந்திப்போச்சோ?” என்று தர்சினி கேட்டாள். கேட்கும்போது இலேசாகச் சிரித்தாள்... அந்தச் சிரிப்புக்குள் ஏதோ காத்திருந்தது. நான் அதைப் பார்த்தேன்.

அந்த வியாழக்கிழமையைத் திருத்துவதற்கு எனக்கு ஒரு வாய்ப்பு வந்திருந்தது. ஆனால் அவள் அங்கே வந்தால் பிரிகிட்டே ஒருநாள் கேட்பாள்: அடுத்த வருடம் வரச் சொல்லி அனுப்பினேனே, உன் கணவர் சொல்லவில்லையா?

“ஓம். பிந்திப்போச்சு” என்றேன்.

மகள் அதையும் எழுதிக்கொண்டாள். பிறகு தாளைத் திருப்பி, “இனி உங்களிட்டைக் கேக்கிறன், அப்பா” என்றாள்.

அவள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். தர்சினி எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.