வேகாத தக்காளி

தக்காளியை வேகவைக்காமல் நறுக்கி, அவித்த பாஸ்தாவில் கொட்டப் போனாள் மகள். அந்தப் பச்சை வாசமே எனக்கு ஆகாது.

எழுபதுகளில், மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில், துரை பங்களாவின் சமையல்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டார். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மாவை அனுப்பினார்கள். நானும் ஒட்டிக்கொண்டு போனேன். துரைசாணி செய்யச் சொன்னதும் இதேதான். விருந்தாளிக்கு வேகாததை வைப்பதா என்று கூசிப்போன அம்மா, கடுகு, மிளகாய் தாளித்துத் தக்காளியைச் சுண்ட வதக்கிவிட்டாள்.

துரைசாணி ஒரு வாய் வைத்துவிட்டு, விருந்தாளிகள் பார்க்க, அத்தனையையும் நாய்க்குக் கொட்டினாள். நாய் தட்டை நக்கித் துடைத்தது.

"நாய்க்குத் தெரிஞ்ச ருசி அவளுக்குத் தெரியல லா!" லயன் வீடு வரும்வரை திட்டிக்கொண்டே வந்தாள் அம்மா.

மகளின் கையிலிருந்த தக்காளியை வாங்கிக்கொண்டு, வாணலியை அடுப்பில் வைத்தேன்.

"ஐயோ, இத வேகவைக்கக் கூடாதும்மா!" என்றாள் மகள்.

"இந்த வீட்டுக்குத் துரைசாணி நான்தான்," என்று கடுகைப் போட்டேன்.