அப்பா ஊதிப் பாஸான பரீட்சை

என் அப்பாவுக்குத் திங்கட்கிழமை ஆகாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பீளமேட்டு மில் ஒன்றில், பஞ்சைச் சீவும் கார்டிங் பகுதியில் அவருக்கு வேலை. திங்கள் ஷிப்டு முடிந்து வந்தால் மூச்சு இளைக்க நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். புதன், வியாழன் ஆகும்போது சரியாகிவிடும். நன்றாக யோசித்து அவரே ஒரு முடிவுக்கு வந்தார். குற்றம் பஞ்சுத் தூசியுடையது அல்ல, ஞாயிற்றுக்கிழமை லீவுதான் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அன்றுமுதல் ஞாயிறும் வேலைக்குப் போனார். மில்லில் இந்தக் கண்டுபிடிப்பை யாரும் மறுக்கவில்லை.

எங்கள் வீட்டில் அந்த இளைப்புக்குப் பெயர் சளி. வேறு பெயர் சொன்னவர்களோடு அம்மா ஒரு வாரம் பேசமாட்டார். பெண் கட்டிக் கொடுக்க வேண்டிய வீடல்லவா? அந்தப் பெண் நான்தான்.

நான் பிளஸ் டூ படிக்கும்போது மில்லுக்குப் புது டாக்டர் வந்தார். ஒரு குழாயை நீட்டி, ஒரே மூச்சில் ஊதச் சொல்வாராம். அதிலுள்ள முள் ஏறவில்லை என்றால் தூசி குறைந்த பக்கம் மாற்றிவிடுவாராம். நல்லதுக்குத்தான். ஆனால் எங்கள் ஆட்களுக்கு அது மார்க்கு. ஃபெயிலானால் ஊருக்கே விஷயம் தெரிந்துவிடும். கார்டிங் பகுதி முழுக்கப் பரீட்சைக்குத் தயாரானது. அப்பா வீட்டில் முழி பிதுங்கப் பலூன் ஊதினார். பக்கத்தில் நின்று "இன்னுங் கொஞ்சமுங்கப்பா" என்று ஏற்றிவிட்டவள் நான். இப்போது நினைத்தாலும் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

கடைசியில் கூட வேலை செய்தவர் ஒரு சூட்சுமம் சொல்லிக்கொடுத்தார். ஊதக் கூடாது, எச்சில் துப்புவதுபோல் வெடுக்கென்று துப்ப வேண்டும், முள் தாவிவிடும். தாவியது. பகுதியிலேயே அப்பாதான் முதல். அம்மா கேசரி கிண்டினார். டாக்டர் திருப்தியோடு அவரைத் தூசியிலேயே விட்டுவைத்தார்.

சில வருஷங்களில் வாசற்படி ஏறவே மூச்சு வாங்கியது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த டாக்டரம்மாவும் அதே மாதிரிக் குழாயை நீட்டினார். துப்பக்கூட அப்பாவிடம் காற்று இல்லை. மூச்சுக் குழாய்கள் சுருங்கிவிட்டன, போன நுரையீரல் திரும்பாது, ஆரம்பத்திலேயே தூசியை விட்டு வந்திருந்தால் தப்பியிருக்கும் என்று அவர் என்னிடம் சொன்னார். அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கம்மா, காத்தால ஒண்ணுஞ் சாப்புடாம வந்துபோட்டனுங்க. இன்னொருக்கா ஊதறனுங்க. மில்லுல நாந்தானுங்க பர்ஸ்ட்டு."