மஞ்சள்காரன் சிங்களத்தில் சொன்னது

எங்கள் கருவாட்டுச் சங்கத்துக்குக் கொழும்பிலிருந்து பயிற்சி நடத்த ஒரு சேர் வந்து, எங்கள் எல்லோரையும் குணப்படி நாலு நிறமாகப் பிரித்துவிட்டுப் போனார். கட்டா வேறு, சூடை வேறு, முறிந்தது வேறு என்று தரம் பிரித்தே காலம் கழிக்கிற எங்களுக்கு அது பெரிய புதுமையாகப் படவில்லை. மீனைப் பிரிக்கும்போது மீன் வாய் திறந்து மறுப்பதில்லை. நாங்கள் மறுத்தோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆளுக்கொரு கேள்வித்தாள் தந்தார்கள். அதில் ஒரு கேள்வி: விருந்தொன்றுக்குப் போனால் நீங்கள் பலருடன் கலந்து பேசுவீர்களா, ஓரமாக ஒதுங்கியிருப்பீர்களா? எங்கள் கலியாண வீடுகளில் ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் முழங்கால் முட்ட இருந்து, ஒரே தட்டுச் சோற்றில் கை வைக்கிறோம். வட்டத் தட்டில் ஓரத்துக்கு எங்கே போவது? பின்னாலிருந்த ஒருவர் எழும்பினார்.

"சேர், நான் எறச்சித் துண்டு இரிக்கிற பக்கமாத்தான் இருப்பன். அதுக்கு எதில சரி போடணும்?"

சேர் சிரிக்கவில்லை. அவர் என்ன நிறமென்று கேட்க ஆசையாக இருந்தது.

பின்னேரம் முடிவு வந்தது. நான் மஞ்சள். "மகிழ்ச்சியானவர், சபையைக் கலகலப்பாக்குபவர், கவலைகளை எளிதில் மறப்பவர்" என்று அச்சடித்து, நெஞ்சில் குத்திக்கொள்ள ஒரு மஞ்சள் அட்டையும் தந்தார்கள். மனைவியின் தம்பி, என்னுடைய மச்சான், நீலம். கடலுக்குப் போய் வந்து வலையைத் தட்டிவிட்டு, யாரோடும் கதைக்காமல் வீட்டுக்குப் போகிற ஆள் அவன். "நீல ஆட்களைக் கொஞ்சம் கவனிச்சிக்கொள்ளுங்க. எல்லாத்தையும் உள்ளுக்கே வச்சி உடைஞ்சி போவாங்க" என்று சேர் சொல்லிவிட்டு வேனில் ஏறினார்.

ஊர் கவனிக்கத் தொடங்கியது. மச்சானின் வள்ளம் கரை தட்டினால் மீனைப் பற்றி விசாரிக்க முதல் மனசைப் பற்றி விசாரித்தார்கள். "தம்பி, மனசு சுகமா? ராவைக்குத் தூங்கினீங்களா?" பள்ளிவாசலில் ஒருவர், தேநீர்க் கடையில் இரண்டு பேர். ஒரு மாதத்தில் அவன் என்னிடம் வாய் திறந்து சொன்னது ஒரே ஒரு வசனம்: "மச்சான், இவங்க கேட்டுக் கேட்டே என்னை விசரனாக்கிப் போடுவாங்க."

என்னை யாரும் விசாரிக்கவில்லை. மஞ்சளை எதற்கு விசாரிப்பது?

என் நிறத்தை ஒத்துக்கொள்ளாத ஆள் ஒருவர்தான் இருந்தார். குருநாகல் பக்கமிருந்து மீன் காயப்போடுகிற எங்கள் வாடிக்குக் கருவாடு ஏற்ற வருகிற சிங்கள லொறிக்காரர். எட்டு வருசப் பழக்கம். ஒருநாள் என் மனைவியிடம், "உங்கட மஹத்தயா சரியான அமைதியான மனுசன். தேவைக்கு மிஞ்சி ஒரு சொல் கதைக்க மாட்டார்" என்று தன் பாஷையில் சொல்லியிருக்கிறார். மனைவி இரண்டு நாள் சிரித்தாள். அவர் மேல் பிழையில்லை. என் சிங்களம் லொறிக்காரர்களிடம் பொறுக்கிய சிங்களம். எத்தனை கிலோ, ஈரம் இல்லை, வெயில் இல்லை, நாளைக்கு வாங்க. அதற்கு மேல் அந்தப் பாஷையில் எனக்கு வீடில்லை, வாசல் மட்டும்தான்.

வருத்தம் எப்போது தொடங்கியதென்று எனக்குத் தெரியாது. காய்ச்சல் என்றால் உடம்பு சுடும், ஒரு நாள் குறித்துச் சொல்லலாம். இது அப்படி வரவில்லை. தூங்கி எழும்பினாலும் தூங்காத மாதிரி. சோறு வாய்க்குள் போய்ப் பஞ்சாக இருக்கும். ஒருநாள் உச்சி வெயிலில் தட்டுகளுக்கு நடுவே கட்டாவைத் திருப்பிப் போடப் போனவன், போன வேலை மறந்து அப்படியே குந்திவிட்டேன். ஒரு காகம் வந்து பக்கத்துத் தட்டில் மீனைக் கொத்தியது. பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது காகம் வந்தது. அதையும் பார்த்தேன். மனைவி குசினியிலிருந்து ஓடி வந்து விரட்டினாள். காகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற கருவாட்டுக்காரனை அவள் அதற்கு முதல் கண்டதில்லை.

"என்னங்க செய்யிது?"

"காகத்துக்கும் அல்லாஹ் ஒரு ரிஸ்க், ஒரு வாய்ச் சாப்பாடு, எழுதியிரிப்பானே."

பகிடி மட்டும் நிற்கவில்லை. எஞ்சினை நிற்பாட்டின பிறகும் வள்ளம் கொஞ்சத் தூரம் தன்பாட்டில் போகும். கரையில் நிற்கிறவன் எஞ்சின் ஓடுது என்றுதான் நினைப்பான்.

முதலில் ஓதிய தண்ணீர் வந்தது. இரண்டு போத்தல் குடித்தேன், தாகம் தீர்ந்தது. ஓதிக் கொடுத்த பள்ளிவாசல் ஹஸரத்தே, "இதோட ஒரு டொக்டரையும் காட்டுங்க" என்று சொல்லி அனுப்பினார். நாளும் இடமும் மனைவிதான் விசாரித்தாள். ஊர்ச் சனம் காணாத தூரத்தில் ஓர் ஆஸ்பத்திரி, கிழமைக்கு ஒருநாள் மனநோய் கிளினிக். மாம்புரிச் சந்தியில் காலை பஸ்ஸுக்கு நின்றேன். இங்கே பஸ்ஸுக்கு நிற்கிற ஆளிடம் எங்கே போகிறாய் என்று கேட்பது ஸலாம் சொல்வது மாதிரி, கேட்காமல் விட்டால்தான் குறை.

"எங்க நானா வெள்ளனவே?"

"பைத்தியத்துக்கு மருந்தெடுக்கப் போறன்."

சந்தியே சிரித்தது. "எனக்கும் ஒரு போத்தல் எடுத்துக்கிட்டு வாங்க நானா!" "உங்கட பைத்தியத்துக்கு மருந்து கப்பல்லதான் வரணும்!" ஒளிந்து போகிறவனைத்தான் ஊர் தேடிப் பிடிக்கும். நான் உண்மையை நடுச் சந்தியில் வைத்தேன், ஒருவரும் குனிந்து எடுக்கவில்லை. அப்போது அது கெட்டித்தனம் என்று நினைத்தேன்.

டொக்டர் ஒரு தமிழ்ப் பிள்ளை. வயது என் மகளை விட ஒன்றிரண்டு கூட இருக்கும். அன்பாகத்தான் கேட்டது.

"தூக்கம் எப்படி?"

"ஜும்ஆப் பிரசங்கத்தில நல்லா வருது டொக்டர். வீட்டிலதான் பிரசங்கம் இல்ல."

"சாப்பாடு?"

"கருவாட்டுக்காரன் வீட்டில கருவாடு ஆக்கினா யார்தான் சாப்பிடுவாங்க?"

"வருங்காலத்தைப் பற்றி என்ன நினைக்கிறீங்க?"

"நாளைக்கு மழை இல்லாட்டி நல்ல வருங்காலம்."

அந்தப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. திரைக்குப் பின்னால் தாதியும் சிரித்தார். வந்த நேரம் தொட்டு அழுத முகங்களையே பார்த்துக்கொண்டிருந்த சனம், பாவம். டொக்டர் பிள்ளை விற்றமின் எழுதி, தேவையென்றால் மூன்று மாதத்தில் வரச் சொன்னது. அதில் பிழையில்லை. நான் தட்டில் வைத்ததைத்தான் அது பார்த்தது. மேல் அடுக்கில் நல்ல கட்டாவை அடுக்கி, அடியில் பழுதை மறைப்பது எனக்குப் புதிய தொழிலா?

சோதனை பாஸ் பண்ணின பொடியன் மாதிரி வெளியே வந்தேன். பஸ் நிறுத்தத்தில் இருந்த சீமெந்துக் கட்டில் குந்தினேன். மூன்று பஸ் போய்விட்டது. எழும்ப முடியவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வேலை தொடங்கினேன். மனைவிக்கு வாடியைப் பழக்குவது. நாலு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு, மழை மூட்டமென்றால் கொஞ்சம் கூட. எந்த லொறிக்காரர் நேர்மை, எவர் ஈரமென்று பொய் சொல்வார். போன் நம்பர்கள். எல்லாவற்றையும் மகளின் பழைய பள்ளிக் கொப்பியொன்றில் எழுதினேன், ஒழுங்கான எழுத்தில். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காக எழுதிய ஒரே கொப்பி அது. எழுதும்போது மனசு லேசாக இருந்தது. அந்த லேசுதான் எனக்கே விளங்காத பயமாகவும் இருந்தது.

மூன்றாம் நாள், உப்புக் கணக்கைத் திருப்பிச் சொல்லச் சொன்னபோது அவள் கொப்பியை மூடினாள். என்னையே பார்த்தாள்.

"இதெல்லாம் ஏன் எனக்குச் சொல்லித் தாறீங்க?"

"உன்னை முதலாளியாக்கிப் போட்டு நான் கால் நீட்டிப் படுக்கப் போறன்."

"எங்க படுக்கப் போறீங்க?"

என் வாயில் பகிடி இல்லாமல் போனதைக் கண்டுதான் அவள் அழத் தொடங்கினாள்.

அன்றைக்கே தம்பியைக் கூப்பிட்டாள். மச்சான் வந்து வாசல் கதிரையில் இருந்தான். பிறகு நிலத்தைப் பார்த்தபடி, "நானும் போனன் மச்சான். போன வருசம். அதே கிளினிக்" என்றான்.

ஊர் முழுக்கக் கண் வைத்திருந்த நீலம், சேர் வர முதலே போய், மருந்தெடுத்து, சுகமாகி, வலை தட்டிக்கொண்டிருந்திருக்கிறான். அவனுடைய ராத்தாவை, அதாவது என் மனைவியைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

"அங்க போய் என்னடா சொன்னாய்?"

"ஒன்டும் சொல்லல்ல. கேட்டதுக்குப் பதில் சொன்னன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் மச்சான். உங்களுக்கு அது கஷ்டம்."

அந்த மனுசன் நாக்கைச் சேமித்து வைத்திருந்து, தேவையான இடத்தில் சரியாகச் செலவழித்திருக்கிறான். நான் ஊரெல்லாம் இறைத்துவிட்டு, வேண்டிய நேரம் வெறும் பையோடு நிற்கிறேன்.

அடுத்த கிளினிக்குக்கு மூன்று பேராகப் போனோம். மச்சான் ஒருபக்கம், மனைவி ஒருபக்கம், நடுவில் நான், பிடிபட்ட கள்ளன் மாதிரி. கேட்டதுக்குப் பதில் மட்டும், கேட்டதுக்குப் பதில் மட்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டு போனேன். ஆனால் பஸ்ஸிலேயே நாலைந்து பகிடி தானாகத் தயாராகிவிட்டது. வாழ ஆசையிருக்கா என்று கேட்டால் சொல்ல ஒன்று இருந்தது. நல்ல பகிடி. சொன்னால் எந்த டொக்டரும் சிரிப்பார். அதுதான் பயம்.

உள்ளே போனால் அந்தத் தமிழ்ப் பிள்ளை இல்லை, மாற்றலாகிப் போய்விட்டது. அதன் கதிரையில் வயதான ஒரு சிங்கள டொக்டர். தமிழ் தெரிந்த தாதி அன்று லீவு. சிங்களம் சமாளிப்பீர்களா என்று கேட்டார். கொஞ்சம் என்றேன்.

தூக்கம் எப்படியென்றார். "நே" என்றேன். இல்லை.

சாப்பாடு? இல்லை.

எத்தனை நாள்? நாலு மாதம்.

கருவாட்டைப் பற்றிச் சொல்கிற மாதிரியே வந்தது. ஈரம் இல்லை, வெயில் இல்லை, தூக்கம் இல்லை. உடம்பும் மனசும் எப்படி இருக்கிறதென்று கேட்டார். தேடினேன். தூரத்திலிருந்து லொறி ஓட்டி வந்து, கதவைத் திறந்து இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அந்தக் குருநாகல் லொறிக்காரர் சொல்கிற சொல் ஒன்று கையில் அகப்பட்டது. "மஹன்சி," என்றேன். களைப்பு. "ஹரி மஹன்சி." சரியான களைப்பு.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. வாழ விருப்பமா?

பகிடியைச் சிங்களத்தில் தேடினேன். தலை கிடைத்தது, வால் கிடைக்கவில்லை. டொக்டர் அவசரப்படவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. என்னிடம் மிச்சமிருந்தது லொறிக்காரர்களோடு புழங்கிய அந்த ஒற்றைச் சொல்தான்.

"நே."

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. கொப்பியில் எல்லாம் எழுதி வைத்துவிட்டேன் என்றும் சொன்னேன். கண்ணால் தண்ணீர் ஓடியது. உப்புப் பட்டுவிட்டது என்று சொல்லித் தப்பலாம், அதற்கும் எனக்குச் சிங்களம் போதவில்லை.

மனைவியை உள்ளே கூப்பிட்டார். கொஞ்ச நாளைக்கு என்னைத் தனியே விட வேண்டாம் என்றார். மாத்திரை எழுதினார், கிழமைக்கு ஒருமுறை வந்து கதைக்கவும் ஒழுங்கு செய்தார். இப்போது அங்கே கதைக்கிறது ஒரு தமிழ் மிஸ்ஸிடம். பாதி நேரம் அவரையும் சிரிக்க வைத்துவிடுவேன். சிரித்து முடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி நானா, இப்ப அதையே சிங்களத்தில சொல்லுங்க" என்பார். பொல்லாத மனுசி.

சுகமாகிவிட்டேனா என்று கேட்காதீர்கள். மாத்திரை வாயைக் காயவைக்கிறது. சில நாள் எழும்பலாம், சில நாள் எழும்புவது மலை. மஞ்சள் அட்டை வாடிக் கதவில் இன்னும் தொங்குகிறது, உப்புக் காற்றில் வெளுத்து என்ன நிறமென்று சொல்ல ஏலாமல்.

அன்று கிளினிக்கிலிருந்து வந்ததும் மனைவி கொப்பியை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். திறப்பை எங்கே வைத்தாளென்று எனக்கு இன்றுவரை தெரியாது. அடுத்தநாள் வெள்ளன மீன் வந்து இறங்கியது. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். வாடியிலிருந்து சத்தம் வந்தது.

"இஞ்சாருங்க! நாலுக்கு ஒன்டா, அஞ்சுக்கு ஒன்டா?"

மூன்று நாள் சொல்லிக் கொடுத்தது. அவள் ஒருமுறை கேட்டதை மறக்கிற பிறவியில்லை.

"கொப்பியில இரிக்கு!" என்று கத்தினேன்.

"கொப்பி எனக்கு வாசிக்கத் தெரியாது! நீங்க வந்து காட்டுங்க!"

பத்தாம் வகுப்பு வரை படித்தவள். நான் கொஞ்ச நேரம் கிடந்தேன். திரும்பவும் கூப்பிட்டாள், இந்த முறை இன்னும் பெரிதாக, பக்கத்து வாடிக்கும் கேட்க. மீன் வெயிலில் காத்திருக்காது. எழும்பி, சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, உப்பு அள்ளப் போனேன்.