கிணறு வெட்டாத வகுப்பு

திருச்சுழிப் பக்கம் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருக்கிறேன். ஏழாம் வகுப்புக்கு எதிர் விகிதம் நடத்தும்போதெல்லாம் கிணற்றுக் கணக்கைத்தான் முதலில் போடுவேன். பன்னிரண்டு பேர் பத்து நாளில் ஒரு கிணறு வெட்டினால், ஆறு பேர் எத்தனை நாளில் வெட்டுவார்கள்? ஆள் பாதியானால் நாள் இரட்டிக்கும். இருபது நாள். இதைவிட எளிய கணக்கு கிடையாது என்பது என் எண்ணம்.

போன வருடமும் அதையே போட்டேன். இரண்டாம் பெஞ்சில் இருந்த பெண் கையைத் தூக்கினாள்.

"ஒரு நாள் சார்."

"எப்படிம்மா?"

"பொக்லைன் வந்தா ஒரே நாள்ல தோண்டிருமே சார்."

வகுப்பே சிரித்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து, மணி அடிக்கும்வரை அவளை நிற்க வைத்தேன்.

மதியம் நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தேன். முக்கால்வாசிப் பேர் ஐந்து நாள் என்று எழுதியிருந்தார்கள். ஆள் பாதி, அதனால் நாளும் பாதி. ஆள் குறைந்தால் வேலை எப்படிச் சீக்கிரம் முடியும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தப் பெண் ஒருத்தியாவது கிணற்றை நினைத்துப் பார்த்திருக்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது.

நான் நரிக்குடிப் பக்கம் வெள்ளாமை வீட்டில் பிறந்தவன். எங்கள் தோட்டத்துக் கிணறு வெட்டுகையில் நான் நாலாம் வகுப்பு. ஒரு சாவுக்காக இரண்டு பேர் வராமல் போக, அந்த வாரம் முழுக்க வேலை இழுத்தது. அப்பா வரப்பில் நின்று புலம்பிக்கொண்டே இருந்தார். விகிதத்தை நான் படித்தது புத்தகத்தில் அல்ல, அந்த வரப்பில். அது எனக்குத் தெரியாமலே இத்தனை வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன்.

மறுநாள் முதல் வேலையாக அந்தப் பெண்ணிடம், "நேத்து ஒன்னைய நிக்க வச்சது தப்பும்மா" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "பரவால்ல சார்" என்றாள். பிறகு எல்லோரையும் கேட்டேன்.

"கிணறு வெட்டி யாராச்சும் பாத்திருக்கீகளா?"

ஒரு கையும் எழவில்லை.

"சரி, வீட்டுல என்ன வேலைக்குப் போறாக?"

மில், லோடு வண்டி, கட்டட வேலை, டவுனில் ஜவுளிக்கடை என்று பதில்கள் வந்தன. எதிர் விகிதம் என்ற பெயரைச் சொல்லாமல், "ஒண்ணு கூடுனா இன்னொண்ணு கொறையுற மாதிரி அங்க ஏதாச்சும் இருக்கா?" என்றேன். ஜன்னலோரம் இருந்த ஒருத்தி, அதுவரை வகுப்பில் வாயே திறக்காதவள், எழுந்தாள். அவள் அம்மா அருப்புக்கோட்டையில் நூல் மில்லுக்குப் போகிறவர்.

"நூலுக்கு நம்பர் உண்டு சார். நம்பர் கூடுனா நூலு மெலிசாயிரும். நாப்பதாம் நம்பரு இருபதைவிட சன்னம். அம்மா சொல்லும்."

எனக்கு அது தெரியாது. மறுநாள் அவள் இரண்டு நூலையும் ஒரு அட்டையில் சுற்றிக் கொண்டுவந்தாள். பிள்ளைகள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். நான் உற்சாகத்தில் போர்டில், 'ஒரே எடை: எண் கூடினால் நீளம் குறையும்' என்று எழுதினேன்.

"இல்ல சார்," என்றாள். "ஒரே எடைன்னா சன்ன நூலு தான் ரொம்ப நீளம் வரும். ஒரே நீளம்னாத்தான் எடை கொறையும்."

அழித்து எழுதினேன். நேர் விகிதமும் எதிர் விகிதமும் ஒரே நூலில் இருந்தன. அவளையே போர்டுக்கு வரச்சொல்லிவிட்டு நான் அவள் இடத்தில் போய் உட்கார்ந்தேன்.

எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். தேர்விலும் நாலைந்து பேர் நாளைப் பாதியாக்கித்தான் வைத்திருந்தார்கள். பாடம் ஒரு வாரம் பின்தங்கியது. தலைமையாசிரியர் காரணம் கேட்டார், சொன்னேன். "அடுத்த பாடத்துல பிடிச்சிருங்க" என்றார்.

அடுத்த பாடம் சதவீதம். போர்டில் அந்தக் குறியை மட்டும் போட்டு, இதை எங்கே பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"போன் சார்ஜ்ல சார்!" என்று மொத்த வகுப்பும் கத்தியது.